வாட்ச் காட்டும் கலோரிக்குச் சாப்பிடாதீர்கள்

ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். அது காட்டும் கலோரியை வைத்துச் சாப்பாட்டை முடிவு செய்வதைத்தான் தயவுசெய்து விடுங்கள் என்கிறேன்.

2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகளில் இதயத்துடிப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான பிழைதான். கலோரிக் கணக்கில், இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமானதற்கு 93! கலோரியை எந்த வாட்சும் நேரடியாக அளப்பதில்லை. கை அசைவு, துடிப்பு, வயது, எடை இவற்றை வைத்துப் போடும் உத்தேசக் கணக்குதான் அது.

எங்கள் பூங்கா வாசல் டீக்கடையில் தினமும் கேட்கும் பேச்சு: "அண்ணே, நானூறு எரிச்சாச்சு, ரெண்டு வடை போடுங்க." 70 கிலோ எடை உள்ளவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 170, 180 கலோரிதான். அந்த ரெண்டு மெதுவடையே அதைத் தாண்டிவிடும்.

சாப்பாட்டுக் கணக்கும் இப்படித்தான். டயட் இருந்தும் எடை குறையவில்லை என்றவர்களை வைத்து 1992-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பொரியலுக்கு ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. அதை யார் எழுதி வைக்கிறார்கள்? சீரியல் பார்த்துக்கொண்டே கொறிக்கும் மிக்சரும் அப்படித்தான்.

அப்படியானால் வாட்ச் வேண்டாமா? வேண்டும். போன வாரத்தைவிட இந்த வாரம் அதிகம் நடந்தோமா என்று பார்க்க அது நல்ல துணை. குறைத்த எடையைக் கட்டிக்காப்பவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஒரு நாள் கூடினால் பதற வேண்டாம், உப்பும் தண்ணீருமே அதைச் செய்யும். வாரச் சராசரியை மட்டும் குறித்து வையுங்கள். நாலு வாரமாக அசையவில்லை என்றால், வாட்ச் என்ன சொன்னாலும் சரி, உள்ளே போவதும் செலவாவதும் சமமாக இருக்கிறது. அப்புறம் ராத்திரி ஒரு தோசையைக் குறைத்து, இன்னும் நாலு வாரம் பாருங்கள்.