கப்பல் தளப் படத்தில் எஞ்சின் தெரியாது

சீனாவின் தாலியன் கப்பல் கட்டும் தளத்தின் புதிய செயற்கைக்கோள் படம் ஒன்று வெளியே வந்தால் போதும். நீளமாக ஏதோ கிடக்கிறது என்றதுமே "சீனாவின் முதல் அணுசக்தி விமானம் தாங்கிக் கப்பல் தயார்" என்று தலைப்புப் போட்டுப் பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். போர்க்கப்பல் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. படத்தில் இருப்பது எது, நாமாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே இல்லாமல் போகிறது.

இதே தவறு விஷயம் தெரிந்தவர்களுக்கே நடந்திருக்கிறது. 1984 ஆகஸ்டில் 'ஜேன்ஸ் டிஃபென்ஸ் வீக்லி' என்ற பாதுகாப்புத் துறை வார இதழ் மூன்று படங்களை வெளியிட்டது. இன்றைய உக்ரைனில் இருக்கும் நிக்கோலாயேவ் கப்பல் தளத்தை அமெரிக்காவின் கேஎச்-11 உளவுச் செயற்கைக்கோள் எடுத்த படங்கள் அவை. அவற்றைக் கொடுத்த சாமுவேல் லோரிங் மோரிசன் அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர். அதற்காக அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது, 2001இல் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். அந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். படத்தை எப்படிப் படித்தார்கள் என்பதைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கட்டிக்கொண்டிருப்பது பெரிய விமானம் தாங்கிக் கப்பல் என்று கண்டுபிடித்தது சரி. அது அணுசக்தியில் ஓடப்போகிறது என்று சொன்னதுதான் தப்பு. சோவியத் கடற்படை 1980இல்தான் கீரோவ் என்ற அணுசக்திப் போர்க்கப்பலைச் சேவையில் சேர்த்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு ஏற்கெனவே இருந்தது. 1985 டிசம்பரில் நீரில் இறங்கிய அந்தக் கப்பல்தான் இன்றைய அட்மிரல் குஸ்னெத்சோவ். உள்ளே இருந்தவை எண்ணெய் எரிக்கும் கொதிகலன்களும் நீராவி டர்பைன்களும். நிஜமான அணுசக்திக் கப்பலான உல்யானோவ்ஸ்கை அதே தளத்தில் 1988இல்தான் தொடங்கினார்கள். அதுவும் முடியாமலே 1992இல் உடைக்கப்பட்டது.

சரி, படத்தில் எதை நம்பலாம்? முதலில் அகலம். தாலியனில் பெரிய எண்ணெய்க் கப்பல்களும் கட்டுகிறார்கள். அவை ஏறக்குறைய 330 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், மழுங்கிய முன்பக்கம். உள்ளே சீராகப் பிரித்த பெரிய தொட்டிகள். விமானம் தாங்கிக் கப்பலின் அடிப்பாகம் நீர்மட்டத்தில் அதைவிட மிகக் குறுகல், முன்பக்கம் கத்தி போல ஒடுங்கியிருக்கும். மேல்தளம் மட்டும் இரண்டு பக்கமும் வெளியே நீண்டு விரியும். மேல்தளம் மூடப்படுவதற்கு முன் எடுத்த படமாக இருந்தால் நடுவில் விமானங்களை நிறுத்தும் நீண்ட கூடம் திறந்து கிடப்பதும், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகளும் தெரியும். உலர்துறையின், அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் கட்டும் பெரிய பள்ளத்தின், அகலம் தெரிந்திருந்தால் இவை எல்லாவற்றையும் அளந்துவிடலாம். உயரத்தை அளக்க நிழல் இருக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் எடுத்த படம் என்றால் எனக்குக் கொண்டாட்டம்.

இப்படிப் பொறுமையாகப் பார்த்தவர்கள் ஏமாறவில்லை. 2015இல் தாலியன் உலர்துறையில் வளர்ந்துகொண்டிருந்தது விமானம் தாங்கிக் கப்பல்தான் என்று படங்களை வைத்துச் சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று சீனப் பாதுகாப்பு அமைச்சகமே ஒப்புக்கொண்டது. அதுதான் ஷான்டாங்.

சீனாவின் அடுத்த விமானம் தாங்கிக் கப்பலான ஃபூஜியான் இன்னும் நல்ல பாடம். ஷாங்காய் அருகே ஜியாங்னான் தளத்தில் அது எழுந்தபோது, மேல்தளத்தில் மூன்று நீண்ட பள்ளங்கள் தெரிந்தன. விமானத்தை உந்தி எறியும் கேட்டபல்ட்டுகளுக்கான இடம். அப்புறம் அவற்றின் மேல் நீளமான தற்காலிகக் கொட்டகைகள் போட்டு மறைத்தார்கள். ஆனால் பள்ளம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைக் கொட்டகையின் நீளமே சொல்லிவிட்டது. அணு உலைக்குப் புகைபோக்கி தேவையில்லை; இதன் கட்டளைக் கோபுரத்தில் புகைபோக்கி இருந்ததால் அணுசக்தி இல்லை என்பதிலும் குழப்பமில்லை. 2022 ஜூன் 17 அன்று அது நீரில் இறங்கியபோது பெரிதாக ஆச்சரியப்பட ஒன்றுமே மிச்சமில்லை.

எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டுமானால் கப்பலின் வயிறு திறந்திருக்கும் காலத்துப் படங்கள் வேண்டும். கொதிகலனோ அணு உலையோ, கனமான எந்திரங்களை மேல்தளம் மூடுவதற்கு முன்பே கிரேனில் இறக்கிவிடுவார்கள். மூடிவிட்டால் புகைபோக்கிக்கான வழி எங்கே போகிறது என்று பார்க்கலாம். கோபுரமே வராத கப்பலில் அதுவும் கிடையாது. நிக்கோலாயேவ் படத்தில் இருந்த நிலைமை அதுதான்.

தாலியனில் அடுத்து வருவது அணுசக்திக் கப்பலாகவே இருக்கலாம். அதற்கான காரணங்களை நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பகிர்கிறவர்கள் படம் எடுத்த தேதியையும் எந்த உலர்துறை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். முந்தைய மாதப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். எந்தத் துண்டு புதிதாக வந்தது, எந்தத் திறப்பு மூடப்பட்டது என்று நாங்களும் சேர்ந்து பார்க்கிறோம்.