கோல்ட் லேக் மட்டுமா காரணம்?

சுவிஸ் மெட்டல் இசைக்குழு செல்டிக் ஃப்ராஸ்டைக் கவிழ்த்தது 1988-இல் வந்த 'கோல்ட் லேக்' ஆல்பம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. விரிசல் அதற்கு முந்தைய ஆல்பத்திலேயே விழுந்துவிட்டது. 1987-இல் வந்த 'இன்டு தி பாண்டமோனியம்' வேகமான மெட்டல் கேட்டவர்களுக்கு வயலின், பெண் குரல், ஒரு பாடலில் டிரம் மெஷினும் விண்வெளிப் பயணப் பேச்சுத் துண்டுகளும் கொடுத்தது. ஆல்பங்களை வெளியிட்ட நாய்ஸ் நிறுவனத்துடன் தகராறு முற்றியது. பேஸிஸ்ட் மார்ட்டின் ஐன், டிரம்மர் ரீட் செயின்ட் மார்க் இருவரும் இல்லாமல் குழுவின் பாடகர்-கிதாரிஸ்ட் டாம் வாரியர் புது ஆட்களோடு எடுத்ததுதான் கோல்ட் லேக். அப்போது குழு போட்ட பகட்டான தலைமுடி அலங்காரத்தைத் திட்டுகிறோம். பாட்டு எழுதும் கூட்டணி உடைந்ததைப் பேசுவதில்லை.

ஐன் திரும்பிய 1990-இன் 'வானிட்டி/நெமிசிஸ்' மோசமில்லை, ஆனால் தாமதம். 2006-இன் 'மோனோதீஸ்ட்' சொந்தக் காசில் எடுத்தது, அதனால்தான் அந்த அடர்த்தி. 2008-இல் வாரியர் விலகினார், அடுத்து அவர் தொடங்கிய குழு டிரிப்டிகான்.

புதிதாகக் கேட்பவர்கள் 'மார்பிட் டேல்ஸ்' (1984), 'டு மெகா தெரியன்' (1985), பிறகு நேராக மோனோதீஸ்ட் என்று போகலாம். தெரியன் அட்டை ஓவியம் சுவிஸ் ஓவியர் எச்.ஆர். கீகருடையது. அந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தது ஐன் அல்ல, டொமினிக் ஸ்டைனர். 2017 மறுவெளியீட்டு வரிசையில் கோல்ட் லேக்கைத் தேடாதீர்கள், சேர்க்கவில்லை.