மெசின் வேண்டாம், ஆள் கொடுங்கள்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் குடும்பம். பையனுக்கு ஏழு வயது. தரையில் உட்கார்ந்தால் தொடையில் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுகிறான். கெண்டைக்கால் உருண்டு திரண்டிருப்பதைப் பார்த்து சொந்தக்காரர்கள் திடமான பையன் என்கிறார்களாம். தசைகள் வருஷத்துக்கு வருஷம் பலமிழந்துகொண்டே போகும் டூஷென் தசைச்சிதைவு என்ற பரம்பரை நோய் என்று மருத்துவருக்குச் சந்தேகம். ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போய், ஏழு பக்க இங்கிலீஷ் ரிப்போர்ட்டாகத் திரும்பி வந்தது. அதைப் புரியவைக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். கோவையில் மரபணு ஆலோசகராக எனக்கு இது பதினோராவது வருஷம்.

ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் என்னை நிறுத்தின. குடும்பத்தில் இந்த நோய் வந்த வரலாறு இல்லை என்பது ஒன்று. நோய்க்குக் காரணமா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மாற்றம், மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது, இருக்கிறது என்பது இன்னொன்று.

பையனின் அம்மிச்சியும், அதாவது அம்மாவைப் பெற்றவரும், கூட வந்திருந்தார். காகிதத்தை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று குடும்ப மரத்தை வரைய ஆரம்பித்தேன். கூடப் பிறந்தவங்க எத்தனை பேருங்க என்றேன். "நாலு பேருங்க அம்மிணி" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "பெரியண்ணன் ஒருத்தன் இருந்தான். பத்து வயசுல நடை நின்னுபோச்சு. எங்கப்பன் தோள்ல தூக்கிட்டே பண்ணாரி வரைக்கும் போச்சு. பதினாறுல போய்ட்டான்" என்றார். மகளுக்கே அது புதுச் செய்தி. ஏனுங்க இதை முன்னாடி சொல்லலை என்று கேட்டேன். "ஆரும் கேக்கலீங்களே" என்றார்.

அந்த 'வரலாறு இல்லை' வரி அப்படி வந்ததுதான். ஒரு படிவத்தில் இங்கிலீஷில் கேட்ட கேள்விக்கு யாரோ அவசரத்தில் போட்ட கோடு.

சரி, அந்தப் புரியாத மாற்றத்துக்கு வருவோம். இந்த நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ்தான். அதில் பழுதிருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. ஆகவே தாய்மாமனைக் கூட்டிவரச் சொன்னேன். நாற்பத்தொரு வயது, தறி ஓட்டுகிறவர், பஞ்சுத்தூசி ஒட்டிய சட்டையோடு நேராக வந்துவிட்டார். எங்கள் ஆய்வகத்துப் பெண் ஒருத்தி அந்த ஒரே ஒரு எழுத்தை மட்டும் அவர் ரத்தத்தில் படித்துப் பார்த்தாள். பையனிடம் இருந்த அதே மாற்றம் மாமனிடமும் இருந்தது. நாற்பத்தொரு வயதில் நின்றுகொண்டு தறி ஓட்டுகிற மனிதரிடம் இருக்கிற மாற்றம் இந்த நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது.

இதில் எனக்கு நெஞ்சு பதறிய இடம் ஒன்று உண்டு. பையனின் சித்திக்கு அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. அந்த மாற்றத்தையே நோய் என்று நினைத்து அவளுக்கும் டெஸ்ட் எடுத்து, இருக்கிறது என்று வந்து, அது மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்திருந்தால்? எந்தக் குற்றமும் செய்யாத ஒரு எழுத்துக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றிருக்கும்.

அந்த எழுத்து ஏன் 'தெரியாதது' ஆனது? ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்புகளில் நம் ஆட்கள் குறைவு. உலக அளவில் மரபணு ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 81 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2016ல் ஒரு கணக்கு வந்தது. நம்மிடம் சர்வசாதாரணமாக இருப்பது அங்கே அபூர்வமாகத் தெரியும். ஜீனோம்இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களில் இருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. மனசார வரவேற்கிறேன். ஆனால் ஃபரீதாபாத்தில் இருக்கும் அந்தத் தரவை இங்கே உட்கார்ந்து பிரித்துப் படிக்க ஆள் வேண்டும் அல்லவா?

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையே சாட்சி. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரைக் குறை, இருப்பதாக லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதியது 1952ல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில். அரிவாள் செல் சோகையை ஒழிக்க நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். நடுவில் 71 வருஷம்.

இங்கிருப்பவர்கள் கையில் கொடுத்தால் நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது நம் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது, பின்னாளில் இதயம் பலவீனமாகும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2009ல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் பெருந்துறை எஸ். தண்டபாணி. நம் பக்கத்து ஊர் பெருந்துறையைத் தாங்கிய அந்தப் பெயரைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மரபியல் கோவைக்குப் புதிதும் இல்லை. 1912லேயே இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்துவிட்டது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 என்ற கரும்பு ரகம் வட இந்திய வயல்களுக்குப் போனது. அந்த 'கோ' நம் ஊர்தான். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியதும் இங்கேதான். மரங்களின் மரபியலுக்கும் இதே ஊரில் தனி நிறுவனம் இருக்கிறது. மனித மரபியலுக்கு பாரதியார் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது, பிள்ளைகள் ஆசையாகப் படித்துவிட்டு வெளியே வருகிறார்கள். வந்தபின் நிரந்தர வேலை எங்கே?

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தேன். நன்கொடையில் வந்த பெரிய கருவி, போர்த்திய துணி மேல் தூசி. ரசாயனம் வாங்கக் காசில்லை, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஓட்டத் தெரிந்தவர் ப்ராஜெக்ட் முடிந்ததும் போய்விட்டார். நம் மில்காரர்கள் யாராவது ஃபிட்டர் இல்லாமல் மெசின் இறக்குவார்களா? அந்த மில்களே சேர்ந்து 1956ல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை உண்டாக்கின. பொதுவாகப் பணம் போட்டு அறிவை உள்ளூரிலேயே வைத்துக்கொள்வது நமக்குத் தெரிந்த வேலைதான்.

ஆப்பிரிக்காவில் எச்3ஆப்பிரிக்கா என்று பத்து வருஷம் ஒரு திட்டம் நடந்தது, 2012ல் இருந்து. பணம் அமெரிக்க அரசும் வெல்கம் அறக்கட்டளையும் கொடுத்தன. ஆனால் ஆய்வை நடத்துபவர்கள் ஆப்பிரிக்க நிறுவனங்களில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். மாதிரிகளைச் சேமிக்கும் கிடங்குகளையும் அங்கேயே கட்டினார்கள், தரவைப் படிக்கவும் அங்கத்திய பிள்ளைகளைப் பழக்கினார்கள்.

அதனால் சி.எஸ்.ஆர். என்று கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம் வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் நேராகவே கேட்கிறேன். அடுத்த கருவிக்கு எழுதும் செக்கை, ஐந்து பேருக்குப் பத்து வருஷச் சம்பளமாக எழுதிக் கொடுங்கள். ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பிரிப்பவர், தரவைப் படிப்பவர், அம்மிச்சியிடம் அவர் பேச்சிலேயே கேட்டு எழுதுகிறவர், இப்படி. கல்வெட்டில் பேர் போட இடம் இருக்காது, அது உண்மைதான்.

கோபிப் பையனுக்கு உண்மையான காரணம் இன்னும் கிடைக்கவில்லை. அம்மிச்சி சொன்ன கதையைப் பார்த்தால் அது அதே மரபணுவில்தான் எங்கோ ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தசையில் இருந்து ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவில் இருந்து செல் எடுக்கும் நகல், எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதைக் கற்றுக்கொண்டு வருவது மாமனின் ரத்தத்தைப் படித்த அந்தப் பெண் ஒருத்திதான். வரும் மார்ச்சோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. ஜெர்மனிக்கு அப்ளை பண்ணட்டுமா மேடம் என்று போன வாரம் கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.