தூத்துக்குடிக் கடலில் போன குழாய்

கடலிலிருந்து மின்சாரம் என்று பேச்செடுத்தாலே "அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா" என்று முடித்துவிடுகிறார்கள். போன வாரம் நண்பர் ஒருவரும் அதையே சொன்னார். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இருபது வருஷத்துக்கும் முன்னால் தூத்துக்குடிக்கு அப்பால், ஆழ்கடலில், நம் ஆட்கள் ஒரு பெரிய காரியத்துக்குத் துணிந்தார்கள். சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 'சாகர் சக்தி' என்றொரு மிதவைக் கலத்தைக் கட்டியது. கடல்நீரின் வெப்ப வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்கும் 1 மெகாவாட் திட்டம். மேலே வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாய்க் கிடக்கும் நீர். சுமார் 1 கிலோமீட்டர் கீழே சில்லென்ற நீர். அந்த மேல்நீரின் சூட்டுக்கே அம்மோனியா ஆவியாகிவிடும். ஆவி டர்பைனைச் சுழற்றும், அடிநீரின் குளிரில் திரும்பத் திரவமாகும். ராத்திரி பகல் கிடையாது, காற்றடிக்கக் காத்திருக்கவும் வேண்டாம்.

கஷ்டமெல்லாம் அந்த அடிநீரை மேலே கொண்டுவரும் நீளக் குழாயில்தான். இறக்கும்போதே கடல் அதை வாங்கிக்கொண்டது. மறுபடி முயன்றும் கைகூடவில்லை.

தோல்வி என்று நாம் மறந்துவிட்டோம். அந்தப் பொறியாளர்கள் மறக்கவில்லை. 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீரை மேலே கொண்டுவந்தார்கள், இந்த முறை குடிநீருக்காக. வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலனுக்குள் விட்டால் ஒரு பகுதி ஆவியாகும். குளிர்நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்கலாம். ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர்! உப்புக் கரித்த கிணற்றை நம்பியிருந்த தீவு அது.

ஆனால் அந்த ஆலையின் பம்புகள் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டுமே. தீவில் அது பெரும்பாலும் டீசலில்தான் வந்தது. அதனால்தான் கவரத்தியிலேயே 65 கிலோவாட் கடல் வெப்ப மின்நிலையம் அமைக்கும் திட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குட்டி நிலையம்தான். கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991-ல் கடல் அலையில் ஓடவிட்ட மின்நிலையம்கூட 150 கிலோவாட். அதைத் தொடர்ந்து வளர்க்காமல் விட்டோமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் நெய்வேலி மின்சாரத்தின் விலையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தீவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு பீப்பாய் டீசலும் கப்பலேறிப் போகிறது. தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் என்பதால், அதற்கு முன்பே வாங்கிச் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள், கட்டுப்படியாகாது என்று.