டர்பன் காரும் 25% வரியும்: ஒரு திருத்தம்

அண்ணே, தென்னாப்பிரிக்காவைப் பற்றி "இறக்குமதிக் காருக்கெல்லாம் 25% வரி, டர்பனில் செய்யும் வண்டி முழுக்க நம்மூர்ச் சரக்கு, வரி அதைத் தொடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பாதியுமே தப்பு.

25% பொது விகிதம். ஐரோப்பிய ஒன்றியத்துக் காருக்கு ஒப்பந்தப்படி 18%தான்.

டர்பனின் பிராஸ்பெக்டன் பகுதியில் உள்ள டொயோட்டா ஆலையில் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி உருவாகிறது, நமக்குப் பெருமைதான். ஆனால் தென்னாப்பிரிக்க வண்டிகளில் உள்ளூர்ப் பங்கு சராசரியாக 40% அளவுதான். அதை 2035க்குள் 60% ஆக்குவதே அரசின் இலக்கு.

நான் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். காலையில் பாலெட்டைப் பிரித்தால் தாய்லாந்துப் பெட்டியும் போட்ஸ்வானா வயரிங் கட்டும் ஒன்றாக இருக்கும். போட்ஸ்வானா, தங்களுக்குள் சுங்க வரி போடாத நாடுகளின் கூட்டான நம் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது (1910லிருந்து!), அதனால் அந்தக் கட்டுக்கு வரியே கிடையாது. தாய்லாந்துப் பெட்டிக்கு உண்டு. ஆனால் கம்பெனிகள் இங்கே உற்பத்தி செய்வதற்கேற்பக் கிடைக்கும் வரிக்கழிவுச் சான்றிதழைக் காட்டிக் குறைத்துக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே சான்றிதழை வைத்து முழுக் காரையும் இறக்கலாம். ஆக, இங்கே ஆலை வைத்திருப்பவரே வெளிநாட்டுக் காரையும் மலிவாகக் கொண்டுவருகிறார். நீங்கள் சொல்லும் 25%ஐ முழுசாகக் கட்டுவது பெரும்பாலும் இங்கே ஆலையே இல்லாதவர்தான்.