முள் குத்திய ஓட்டை பட்டினியில் ஆறுமா?

“மீன் முள் குத்தி உணவுக்குழாய் ஓட்டையானாலும் ரெண்டு நாள் பட்டினி கிடந்தா தானா ஆறிடும், ஆபரேஷன் எல்லாம் பணம் பிடுங்கத்தான்” என்று களியக்காவிளை அண்ணாச்சி மேலே எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

அறுவை இல்லாமல் ஆறுவது உண்டு. ஆனால் கசிவு சிறிதாக, பரவாமல் இருக்கிறது என்று சிடி ஸ்கேனில் உறுதி செய்து, நோயாளியும் நிலையாக இருந்தால்தான் அந்த வழி. அப்போதும் வாய்வழி எதுவும் கிடையாது. நரம்பில் ஆன்டிபயாடிக், சத்துக்கு டிரிப் அல்லது குழாய், சிலருக்கு எண்டோஸ்கோப்பி வழியே ஓட்டையை மூட கிளிப் அல்லது ஸ்டென்ட் (உள்ளே வைக்கும் குழாய்). வீட்டில் பட்டினி கிடந்தாலும் எச்சில் ஊறிக்கொண்டேதானே இருக்கும்? ஓட்டை நெஞ்சுப் பகுதியில் இருந்தால் அது கிருமியோடு இதயத்தைச் சுற்றியுள்ள இடத்துக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். அப்படிப் பரவிவிட்டால் பெரும்பாலும் திறந்து கழுவி, தைத்து, வடிகுழாய் வைக்க வேண்டும். ஓட்டை விழுந்து 24 மணி நேரம் தாண்டினால் தையல் நிற்பதே கஷ்டம். கழுத்துப் பகுதி ஓட்டை கொஞ்சம் பரவாயில்லை, வடிகுழாயே சில நேரம் போதும்.

முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கச் சொல்வதையும் விடுங்கள் அண்ணாச்சி, இன்னும் ஆழமாகக் குத்தலாம். நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்து வீங்கி அழுத்தினால் நறநறவென்பது, இதில் எது வந்தாலும் நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ, பக்கத்தில் எதுவோ அங்கே உடனே கிளம்ப வேண்டும்.