டிவி வாங்குறது நம்ம வேலை, படத்தை சரி பண்றதும் நம்ம தலையெழுத்தா?

அம்பதாயிரம் அறுபதாயிரம் வாங்கிட்டு விக்கிற டிவிய, வீட்ல ஆன் பண்ணதும் உருப்படியா ஒரு படம் காட்டுற மாதிரி செட் பண்ணி அனுப்ப இந்தக் கம்பெனிகளுக்கு என்னதான் கேடு? பெட்டியப் பிரிச்சு மாட்டுனா வர்றது ஒண்ணு விவிட், இல்லன்னா ஸ்டாண்டர்டுங்கிற பிக்சர் மோடு. மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளிறிப்போய் கிடக்கு, புல்லு கண்ணக் குத்துது, சிவப்புப் புடவைன்னா மடிப்பு ஒண்ணும் தெரியாம மொத்தமா ஒரே சிவப்பு.

இந்த செட்டிங் எல்லாம் ஷோரூமுக்காக வச்சது. அங்க வரிசையா லைட்டு எரியும், பக்கத்து பக்கத்துல டிவி ஓடும், எது பளிச்சுன்னு இருக்கோ அதத்தான் ஜனம் கை காட்டும், அதனால வெளிச்சத்தையும் கலரையும் ஏத்தி வெள்ளைய நீலமாக்கி வைக்கிறாங்க. கடையில காட்டுறதுக்குன்னே இருக்கிற டெமோ மோட்ல ஓடுற டிவில நீங்க செட்டிங்க மாத்திப் பார்த்தாக்கூட பல மாடல்ல கொஞ்ச நேரத்துல தானா பழையபடி போயிடும். சரி, கடையில வியாபாரம் ஆகணும், புரியுது. வீட்டுக்கு வந்தப்புறமும் எதுக்கு அதே கூத்து?

படம் எடுக்குறவங்க இதுக்காக எவ்வளவு மெனக்கெடுறாங்க தெரியுமா? கேமராமேனும், நிறத்த சரி பண்ற கலரிஸ்டும் அந்த வேலை நடக்குற டிஐ ரூம்ல இருட்டுல உக்காந்து, அளந்து சரி பண்ண மானிட்டர்ல ஒவ்வொரு ஷாட்டா பார்த்து, இந்த மூஞ்சிக்கு இந்த நிறம், இந்த நிழல் இவ்வளவு இருட்டுன்னு முடிவு பண்றாங்க. வீட்டு டிவிக்கு வர்ற படத்துக்கு வெள்ளைன்னா எதுன்னு ஒரு கணக்கு இருக்கு, டி65ன்னு சொல்வாங்க, கிட்டத்தட்ட 6500 கெல்வின், கெல்வின்னா வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு. உலகம் பூரா அதே கணக்குதான். நம்ம டிவி அதத் தூக்கி ஓரமா வச்சிட்டு கூல் டெம்பரேச்சர்னு ஒரு கலர் செட்டிங்ல நீலத்தக் கொட்டுது. அந்தக் கணக்குக்குப் பக்கத்துல வர்ற, நீலம் கம்மியான வார்ம் செட்டிங்க தேடணும்னா பிக்சர், அதுக்குள்ள அட்வான்ஸ்டு, அதுக்குள்ள கலர்னு ரிமோட்ட அமுக்கிட்டே போகணும். எங்க அப்பா அம்மா வயசுல இருக்கவங்க அங்க போவாங்களா? போகவே மாட்டாங்க, அந்த நீலத்தையே வருஷக்கணக்கா பார்த்துட்டு கண்ணு எரியுதுன்னு சொல்லிட்டு இருப்பாங்க.

அடுத்தது மோஷன் ஸ்மூத்திங். இதுக்கு ஒரு கம்பெனி ட்ரூமோஷன்னு பேர் வைக்கும், இன்னொண்ணு மோஷன்ஃப்ளோன்னு சொல்லும், இன்னொண்ணு பிக்சர் கிளாரிட்டின்னு சொல்லும், எல்லாம் ஒரே சங்கதிதான். சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல, அதாவது 24 தனித்தனி படமா எடுக்குறது. டிவி நடுவுல இல்லாத ஃப்ரேம தானே உருவாக்கிச் சொருகுது, அதனால கோடிக்கணக்குல செலவு பண்ணி எடுத்த படம் வழவழன்னு மெகா சீரியல் மாதிரி ஆயிடுது. சரி கிரிக்கெட்டுக்காவது ஆகுமான்னா, பந்து பேட்ல பட்டு வேகமா போறப்ப அதச் சுத்தி கசங்கல் கசங்கலா வருது, சில நேரம் பந்தே காணாமப் போகுது! 2018ல டாம் குரூஸே வீடியோ போட்டு இதை ஆஃப் பண்ணுங்கன்னு கெஞ்சினார். 2019ல டிவி கம்பெனிகளும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஹெச்டி அலையன்ஸ்ங்கிற அமைப்பு, டிவி படத்துல பண்ற இந்த எல்லா வேலையையும் ஒரே அடியா நிறுத்துறதுக்குன்னே ஃபிலிம்மேக்கர் மோட் கொண்டு வந்தாங்க. ஆக வழி தெரியாம பண்ணல. வழி தெரிஞ்சும், அந்த மோட போட்ட மாடல்லயே அதை லிஸ்ட்டோட கடைசில தள்ளி வச்சிருக்காங்க, கம்மி விலை டிவி நிறையதுல அது இருக்கிறதே இல்ல. எனக்கு பத்திக்கிட்டு வர்றதே இங்கதான்.

மாட்ட வர்ற பையன் சுவத்துல ஓட்டை போட்டு, செட்டப் பாக்ஸ் சொருகி, சேனல் வருதான்னு பார்த்துட்டு, கலர் சூப்பரா இருக்கு பாருங்க சார்னு கிளம்பிடுறான். பிக்சர் செட்டிங் பத்திக் கேட்டா அது கம்பெனி செட்டிங் சார், கை வைக்காதீங்கங்கிறான். அவனத் திட்டி பிரயோஜனம் இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

நாமளே உக்காந்து மாத்தலாம்னா ஒழுங்கா மாத்த விடுறாங்களா? ஒரு டிவில பிரைட்னஸ்னா திரைக்குப் பின்னாடி எரியுற பேக்லைட்டு, இன்னொண்ணுல பிரைட்னஸ்ஸ ஏத்துனா கறுப்பு எல்லாம் சாம்பலாகுது. ஷார்ப்னஸ் ஒரு டிவில பூஜ்யத்துல வைக்கணும், இன்னொண்ணுல நடுவுல வைக்கணும், கூட்டி வச்சா எழுத்து ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. அப்புறம் எனர்ஜி சேவிங்னு ஒண்ணு, ராத்திரி லைட்ட அணைச்சதும் அது பாட்டுக்கு வெளிச்சத்தக் குறைக்கும், இருட்டு சீன்ல யார் யாரக் குத்துறாங்கன்னே தெரியாது. எல்லாத்தையும் செட்டப் பாக்ஸ் இருக்கிற ஹெச்டிஎம்ஐல மாத்தி முடிச்சு அப்பாடான்னு ஓடிடி ஆப்ப திறந்தா அங்க திரும்ப விவிட், ஏன்னா நிறைய டிவில ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி செட்டிங், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூட வச்சு வர்ற ஹெச்டிஆர் படம் போட்டா அதுக்கு வேற தனி!

அந்த ஹெச்டிஆர் ஸ்டிக்கர் இன்னொரு ஏமாத்து வேலை. நிட்ஸ்னா திரையோட வெளிச்சத்துக்கான அளவு; நிறைய படத்த 1000 நிட்ஸ் வெளிச்சத்துக்கு நிறம் சரி பண்ணிருப்பாங்க, கம்மி விலை டிவி 300 பக்கம் வர்றதுக்கே திணறும், ஆனா அந்த வெளிச்சத்தக் காட்டுற டிவிலயும் இதுலயும் ஸ்டிக்கர் மட்டும் ஒண்ணுதான். காசு குடுக்குறவனுக்கு இத யார் சொல்றா?

இவ்வளவும் தாண்டி சரி பண்ணி வச்சா, வீட்டுக்கு வர்ற மாமா ரிமோட்ட எடுத்து ஏன்டா படம் மஞ்சளா மங்கலா இருக்குன்னு மறுபடியும் விவிட்ல போட்டுடுறார். மாமா, ரெண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்க, கண்ணு பழகிடும், அப்புறம் அந்த நீலத்த நீங்களே பார்க்க மாட்டீங்கன்னு சொன்னா யாரு கேக்குறா? ஜனங்களோட கண்ணையே இப்படிப் பழக்கி வச்சிருக்கானுங்க.

மீட்டர் வச்சு நிறத்தயும் வெளிச்சத்தயும் அளந்து சரி பண்ற காலிபரேஷன் எல்லாம் வேணும்ங்கிறவங்க காசு குடுத்து பண்ணிக்கட்டும், நான் அதக் கேக்கல. புது டிவிய முதல் தடவ ஆன் பண்றப்ப மொழி கேக்குற, வைஃபை பாஸ்வேர்டு கேக்குற, இமெயில் ஐடி கேக்குற, நாலு கண்டிஷனுக்கு ஓகே குடுக்கச் சொல்ற. அந்த இடத்துலயே படம் எடுத்தவங்க நெனச்ச மாதிரி பார்க்கணுமா, கடையில பார்த்த மாதிரி பார்க்கணுமான்னு ரெண்டு படத்தப் பக்கத்துல பக்கத்துல போட்டு தமிழ்ல ஒரு கேள்வி கேளு, அமுக்குனத எல்லா இன்புட்டுக்கும் போடு. நாங்க கேக்குறது அவ்வளவுதான்.